நாலு ஏக்கர் புதர்க்காட்டில் எந்தப் பூச்செடி நடலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். தென்சென்னையில் உங்கள் குடியிருப்பை ஒட்டி, ஏரிக்கரையோரமாக, வேலி போட்ட நாலு ஏக்கர் புதர்க்காடு இருக்கிறது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு குடியிருப்போர் சங்கத்துக்கு வந்திருக்கிறது. புதரை அகற்றி, ஆயிரம் மரக்கன்று நட்டு, ஒரு மூலையில் பட்டாம்பூச்சிப் பூங்கா அமைக்கலாம் என்று பேச்சு. எந்தப் பூச்செடிகளை நட்டால் பட்டாம்பூச்சிகள் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் கொஞ்சம் தயங்கி, "ஊருக்கு நடுவில் இவ்வளவு சின்ன இடத்தால் உண்மையிலேயே பயன் உண்டா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் போகும் வழி பூச்செடிக் கேள்வியைத் தாண்டித்தான் இருக்கிறது.

நான் தாவரவியல் படித்தவன். இருபது வருடங்களுக்கு மேலாகச் சென்னைக்குள்ளும் சுற்றிலும் மிச்சமிருக்கும் காடுகளில், கிண்டி, நன்மங்கலம், வண்டலூர்ப் பக்கங்களில், செடிகளைப் பார்த்துக் குறித்துவருகிறேன். பட்டாம்பூச்சிகளைச் செடிகள் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். இலையடியில் இருக்கும் முட்டையையும் புழுவையும் பார்த்து ஓரளவு சொல்லிவிடுவேன். பறந்துபோகும் சின்னஞ்சிறு நீலன், துள்ளி வகைப் பட்டாம்பூச்சிகளைப் பிரித்தறிவதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வரம்பை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதது. பூ வைத்தால் பட்டாம்பூச்சி வரும். இட்லிப்பூ, உண்ணிச்செடி, பென்டாஸ் எது வைத்தாலும் வரும். தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது விருந்துக்கு வந்த கூட்டம். ஒரு இடத்தில் பட்டாம்பூச்சி குடியிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அங்கே அது முட்டையிட வேண்டும். புழு தின்று வளர வேண்டும். கூட்டுப்புழு யாரும் கலைக்காமல் தொங்க வேண்டும். பூவில் தேன் குடிப்பதில் பட்டாம்பூச்சிக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது. முட்டையிடுவதில் கடும் பிடிவாதம். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்த்து, இன்ன செடிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே முட்டை வைக்கும். அந்தச் செடி இல்லையென்றால் ஆயிரம் பூ பூத்தாலும் அடுத்த தலைமுறை இல்லை.

அந்தச் செடிகளின் பெயர்களைச் சொன்னால் உங்கள் சங்கத்தில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் களை என்கிறோம். வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு எருக்கும் வேலிப்பருத்தியும் வேண்டும். எருக்கு முளைத்த வீடு பாழ் என்பது நம் ஊர்ப் பேச்சு. விநாயகர் சதுர்த்தி தவிர மற்ற நாளெல்லாம் அதை வெட்டித்தான் போடுவோம். டானி காஸ்டர் எனப்படும் செம்மஞ்சள் பூச்சி சிறுபூனைக்காலிக் கொடியிலும், தரையோடு கிடக்கும் ஓரிதழ்தாமரையிலும் முட்டையிடும். இலந்தை முள்ளுக்குள் காமன் பியரோ வளர்கிறது. கொடிவேலியில் ஜீப்ரா புளூ. பீகாக் பான்சிக்கு ஏரிக்கரை நீர்முள்ளியும் பொடுதலையும். விழுதிச் செடியில் சிறகு நுனி சிவந்த வெள்ளைப் பூச்சி ஒன்று வளரும். புல்லைக்கூட விட்டுவைக்க வேண்டும்; மாலை மங்கலில் சருகு போலப் பறக்கும் ஈவினிங் பிரவுன் புழுப்பருவம் முழுவதும் புல்லைத்தான் தின்னும். இப்படிப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். நீங்கள் அகற்றப் போகிற புதரில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்பதை யாராவது பார்த்தார்களா என்பதுதான் என் கவலை.

ஒரு கொடியைப் பற்றி மட்டும் நின்று சொல்ல ஆசை. ஆடுதின்னாப்பாளை. ஆடுகூடத் தொடாத அளவுக்கு நஞ்சு அதில் இருக்கிறது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். அதையும் அதன் இனத்தைச் சேர்ந்த பெருமருந்துக் கொடியையும் நம்பி வாழ்வது சிவப்புடல் அழகி. கருஞ்சிறகும் குருதிச் சிவப்பு உடலுமாக, அவசரமே இல்லாமல் பறக்கும். அவசரப்படத் தேவையில்லை, ஏனென்றால் புழுப்பருவத்தில் தின்ற நஞ்சு உடலில் தங்கியிருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கொத்தாது. இந்தப் பாதுகாப்பை இன்னொரு பூச்சி கடன் வாங்குகிறது. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல், சிவப்புடல் அழகியின் வேடத்தைப் போட்டுக்கொண்டு திரியும். அசல் ஊரில் இருக்கும்வரைதான் நகலுக்கு மதிப்பு. ஏரிக்கரையில் கிடக்கும் ஒரு கொடியைப் பிடுங்கினால் கறிவேப்பிலைச் செடியில் வளரும் பூச்சியின் பிழைப்பும் ஆட்டம் காண்கிறது. சிவப்புடல் அழகி 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற பூச்சி. காப்பிடங்களுக்கு வெளியே அதன் கொடியைப் பிடுங்குபவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஏரிக்கரையில், திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வேலியோரம் முழுவதையும் வழித்துச் சுத்தம் செய்தார்கள். புழுக்களோடு கொடி வண்டியில் ஏறிப் போனது. அதே இடத்தில் பட்டாம்பூச்சி படம் போட்ட பலகை வைத்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

இந்தக் கொடியின் பெயரால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆடுதின்னாப்பாளையின் பேரினமான அரிஸ்டோலோகியாவில், அழகுக்காக வளர்க்கப்படும் தென்னமெரிக்க வகைகள் நர்சரிகளில் கிடைக்கும். பூ பெரிதாக, புகைக்குழாய் வடிவில் இருக்கும். ஒரே இனம்தானே என்று நட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனைச் சுற்றி ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சிக்கு இதுதான் நடந்தது. தாய்ப்பூச்சிகள் வாசத்தால் ஏமாந்து அந்த அழகுக்கொடியில் முட்டையிட்டன. பொரித்த புழுக்கள் தின்று செத்தன. மக்களே வீடு வீடாக அந்தக் கொடியை எடுத்துவிட்டு உள்ளூர்க் கொடியை நட வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பூச்சிகளுக்கும் அதே கதி நேரும் என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனாலும் உள்ளூர்க் கொடி இருக்கும்போது எதற்கு அந்தச் சோதனை?

மரங்களிலும் இப்படித்தான். கிளையில் புல்லுருவி தொற்றியிருந்தால் தோட்டக்காரர் கை துறுதுறுக்கும். காமன் ஜெசபெல் என்ற மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டாம்பூச்சிக்குப் புல்லுருவிதான் தொட்டில். மரமே பட்டுப்போகும் அளவுக்குப் படர்ந்தால் தவிர அதைத் தொடாதீர்கள். வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகளுக்கு இன்னொரு தேவை உண்டு: ஆண் பூச்சிகள் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் காய்ந்த தண்டுகளைச் சுரண்டிச் சாறு உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசத்தை அந்தச் சாற்றிலிருந்துதான் செய்துகொள்கின்றன. காய்ந்து கறுத்த ஒரு செடியைச் சுற்றி நூறு பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்தவர்கள் அடுத்த முறை அதைக் குப்பை என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஆயிரம் மரக்கன்று விஷயம். இங்கேதான் உங்கள் திட்டத்தோடு எனக்கு நேரடியான கருத்து வேறுபாடு. சென்னை வட்டாரத்தின் சொந்தக் காடு உலர் பசுமைமாறாக் காடு. இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையோரம் ஒரு குறுகிய பட்டையாக இருப்பது. வீரை, உலக்கைப் பாலை, காசா, காட்டெலுமிச்சை, கொஞ்சி என்று குட்டையான மரங்களும் முட்புதரும் கொடியும் பின்னிக் கிடக்கும். இடையிடையே வெயில் விழும் புல்வெளியும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை வைத்து மீதி வருடத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட காடு அது. ஓங்கி வளர்ந்த மரங்களின் அடர்நிழல் அதன் இயல்பே இல்லை. பட்டாம்பூச்சிக்கோ உடல் சூடேற வெயில் வேண்டும். காட்டுக்குள்ளே வாழ்பவை சில உண்டு. ஆனால் நம் வட்டாரத்து இனங்களில் பெரும்பகுதி புதரும் புல்லும் சந்திக்கும் ஓரத்தில்தான் திரியும். நாலு ஏக்கரையும் நெருக்கி மரம் நட்டு மூடிவிட்டால் ஐந்து வருடத்தில் பச்சையாக இருக்கும், குளுமையாக இருக்கும், பட்டாம்பூச்சி குறைந்திருக்கும். இப்படி நெருக்கி நடும் மியாவாக்கி முறையை வெற்று கான்கிரீட் மூலைகளில் செய்வதை நான் எதிர்க்கவில்லை. ஏற்கெனவே உயிரோடு இருக்கும் புதர்க்காட்டின் மேல் செய்வது, வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் வீடு கட்டுவதுபோல.

கிண்டியையே பாருங்கள். 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது சுமார் 500 ஹெக்டேர். பிறகு ஐஐடி, நினைவு மண்டபங்கள், வேறு நிறுவனங்கள் என்று பங்கு போய், இன்று தேசியப் பூங்காவாக இருப்பது ஏறத்தாழ 270 ஹெக்டேர்தான். ஒரு பெருநகரத்தின் நடுவில் அதுவே பெரிய பேறு. ஆனால் உள்ளே இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். போலோ மைதானம் என்று இன்றும் அழைக்கப்படும் வெட்டவெளி அதற்குத்தான் முக்கியம். புள்ளிமான்களோ கைக்கெட்டும் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடும். அவற்றைக் கட்டுக்குள் வைக்கப் பெரிய வேட்டை விலங்கு அங்கே இல்லை. ஆகவே பழைய மரங்கள் நிற்கும், அவற்றின் பிள்ளைகள் எழும்பாது. வீரை மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. துண்டான ஒரு சின்னக் காட்டில் ஆண் மரம் ஒன்று சாய்ந்தால் சுற்றியுள்ள பெண் மரங்கள் காய்க்காமல் போகலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நான் முதலில் பயந்தது இதை நினைத்துத்தான். உங்கள் இடத்தில் மான் தொல்லை இல்லை, ஆடுமாடு இருக்கலாம். கன்றுகள் தாமாக முளைத்து எழும்புகின்றனவா என்று பாருங்கள். எழும்பினால் உங்கள் காடு நட்டு வைக்காமலே வளரும்.

அதற்காக வேலி போட்டுப் பூட்டிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் லார்ஜ் புளூ என்ற பட்டாம்பூச்சியைச் சேகரிப்பவர்களிடமிருந்து காப்பதற்காக இடங்களை வேலியிட்டார்கள். மேய்ச்சல் நின்றது, 1950களில் ஒரு நோய் வந்து முயல்களும் மடிந்தன, புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது. அந்தப் பூச்சியின் புழு ஒரு குறிப்பிட்ட சிவப்பெறும்பின் புற்றுக்குள்தான் வளரும். வெதுவெதுப்பான மண்ணை நம்பிய அந்த எறும்பு ஒதுங்கிப்போக, 1979இல் பட்டாம்பூச்சி அந்நாட்டில் அற்றுப்போனது. காரணத்தைக் கண்டறிந்த பிறகு மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, சுவீடனிலிருந்து பூச்சிகளை எடுத்துவந்து மீட்டார்கள். நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை புல்லின் ஒரு பகுதியை மட்டும் அறுப்பது, அடுத்த வருடம் மறுபகுதி என்று மாற்றுவது, உங்கள் இடத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அறுப்பைக் கோடையில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தளிர் விடும் மாதங்களில் அரிவாளே இறங்கக் கூடாது. அப்போதுதான் புழுக்கள் அதிகம்.

புதரை அகற்றவே கூடாதா என்றால், சிலவற்றை அகற்றத்தான் வேண்டும். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் உங்கள் இடத்தில் இருக்காமல் போக வாய்ப்பில்லை. 2022இல் தமிழக அரசும் அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக்கொள்கை கொண்டுவந்திருக்கிறது. சீமைக்கருவேலத்தைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை, போகட்டும். உண்ணிச்செடியைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்வது கடினம். அதன் அடியில் உள்ளூர்ச் செடிகள் எழும்ப முடியாது என்பது உண்மை. வறண்ட மாதங்களில் பல பட்டாம்பூச்சிகளுக்கு அதுவே தேன் கொடுக்கிறது என்பதும் உண்மை. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் அந்த வருடக் கோடையில் பசிதான் மிஞ்சும். ஆகவே துண்டு துண்டாக, மூன்று நான்கு வருடங்களில் எடுங்கள். எடுத்த இடத்தில் உடனே உள்ளூர்ச் செடி எழும்புகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். ஜேசிபியை மட்டும் உள்ளே விடாதீர்கள். மேல்மண்ணில் தூங்கும் விதைகள் எல்லாம் புரண்டுபோகும். புரண்ட மண்ணில் முதலில் முளைப்பது மறுபடியும் சீமைக்கருவேலம்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறை ஒன்று உண்டு: உண்ணிச்செடியின் தூரை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிடுவது. மறுதளிர் வராது, மண்ணும் கலையாது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த நாலு பேர் போதும்.

சின்ன இடத்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப மனம் வரவில்லை. சிங்கப்பூர் தன் காடுகளில் பெரும்பகுதியை இழந்த தீவு. அங்கே பட்டாம்பூச்சிகள் நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவாகிவந்ததால் கணக்குப் பார்க்க முடிந்தது. பதிவாகாமலே அழிந்தவற்றையும் கணித்துச் சேர்த்து, ஏறத்தாழப் பாதி இனங்கள் போய்விட்டன என்று 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. புக்கிட் தீமா போன்ற 163 ஹெக்டேர் காப்பிடமே எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கவில்லை. காட்டுக்குள் மட்டுமே வாழ்பவையும், ஓரிரு செடிகளை மட்டுமே நம்பியவையும் எளிதில் அழிகின்றன. எதையும் தின்று எங்கும் வாழ்பவை தங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் நாலு ஏக்கர் ஒரு அரிய காட்டினத்தைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது தனித்து நிற்கும் தீவு இல்லையே. கிண்டி, அதை ஒட்டிய ஐஐடி வளாகம், அடையாற்றங்கரையில் பிரம்மஞான சபைத் தோட்டம், தொல்காப்பியப் பூங்கா, தெற்கே நன்மங்கலம், பள்ளிக்கரணை என்று பச்சைத் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. வரியன்களும் கருப்பன்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே பருவந்தோறும் கூட்டமாக வலசை போகும் பூச்சிகள். ஒரு திட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போவது அவற்றுக்குப் பெரிதல்ல. புல்நீலன் மாதிரிச் சின்னப் பூச்சிகள்தான் அவ்வளவு தூரம் போகாது. அவற்றுக்கு இடையில் இறங்கி ஏற இடம் வேண்டும். எவ்வளவு இடைவெளி வரை தாங்கும், எத்தனை ஏக்கர் போதும் என்பதற்கு எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. யாராவது அப்படி ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது இது: பரப்பைக் கூட்ட முடியாதபோது, உள்ளே இருக்கும் உணவுச்செடிகளின் வகையைக் கூட்டுவதுதான் கையில் இருக்கும் வழி. ஏரிக்கரை என்பதால் உங்களுக்கு ஈரமண்ணும் இருக்கிறது. ஆண் பூச்சிகள் உப்புச் சத்துக்காக வந்து உட்கார ஒரு சேற்றுத்திட்டை வெயில் படும்படி விட்டுவையுங்கள்.

வேலிக்கு வெளியே நடப்பதும் உங்களைத் தொடும். கொசுவுக்காக அடிக்கும் புகை புழுவையும் கொல்லும். குடியிருப்பில் நீர் தேங்கும் இடங்களுக்குப் பிடிஐ என்ற பாக்டீரியாத் தூளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அது கொசு முதலான ஈ வகைப் புழுக்களைத்தான் தாக்கும். அதே பாக்டீரியாவின் குர்ஸ்டாகி வகை பட்டாம்பூச்சிப் புழுவையே கொல்லும்; டப்பாவில் பெயரைப் படித்து வாங்குங்கள். வளர்த்த பட்டாம்பூச்சிகளைப் பெட்டியில் கொண்டுவந்து திறப்பு விழாவில் பறக்கவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நோய் பரவும் அபாயம் இருக்கிறது. உணவுச்செடி இல்லாத இடத்தில் விட்டால் அவை சில நாளில் மடியும்.

செய்தது பலித்ததா என்று தெரிய எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்குப் பிரிட்டனில் 1970களிலிருந்து ஓர் எளிய முறை இருக்கிறது. ஒரே பாதையில், வாரம் ஒருமுறை, வெயில் நாளில், ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எண்ணுவது. பெயர் தெரியாததை "சின்ன நீலம்" என்றே எழுதுங்கள், பரவாயில்லை. கூடவே ஒரு நெடுவரிசையில், முட்டையோ புழுவோ எந்தச் செடியில் இருந்தது என்று குறியுங்கள். பறந்ததைவிட அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். ஒரு வருடக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். மழை ஏறி இறங்குவதற்கேற்ப எண்ணிக்கை தாறுமாறாக மாறும். நம் நகரங்களில் இப்படிப் பல வருடம் விடாமல் எடுத்த கணக்குகள் குறைவு. உங்கள் குடியிருப்பின் பிள்ளைகள் ஐந்து வருடம் எடுத்தால் அது பிறருக்கும் பயன்படும்.

ஒப்பந்தக்காரருக்குத் தேதி கொடுத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். அக்டோபரில் முதல் மழை பெய்து இரண்டு வாரம் ஆனதும், செடி தெரிந்த ஒருவரோடு நாலு ஏக்கரையும் நடந்து பாருங்கள். ஊரில் பழைய மூலிகை வைத்தியரோ ஆடு மேய்ப்பவரோ இருந்தால் அவர்களே போதும். எருக்கு, விழுதி, நன்னாரி, ஆடுதின்னாப்பாளை, புல்லுருவி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் கண்ணில் படும் நிறத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். பெயர் தெரியாத கொடிகளின் இலை, பூ, காய் மூன்றையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். தெரிந்தவரை நான் சொல்கிறேன். துணி கட்டிய இடங்களைத் தவிர்த்து மிச்சமிருக்கும் இடத்தில் உங்கள் மரக்கன்றுகளுக்கு எவ்வளவு வாய்க்கிறது என்று அதற்குப் பிறகு பேசலாம்.